நாணேற்ற இயலாத கை

ஏகலைவன் கதையைக் கேட்டோர் எவரும் அவன் தன் வலக்கைக் கட்டைவிரலை அறுத்துக் குருவின் முன் வைத்த கணத்தை மறப்பதில்லை. அதன்பின் அந்த வேடன் மகன் என்ன ஆனான் என்று கேட்போர் சிலரே. பாரதம் அதையும் சுருங்கச் சொல்லிச் செல்கிறது. எஞ்சிய விரல்களால் அவன் நாணை இழுத்து எய்து பார்த்தானாம். முன்னிருந்த கைவேகம் மீளவில்லையாம். அவ்வளவே. விடியுமுன் எழுந்து வில்லைத் தோளில் மாட்டிப் பழகிய ஒருவன், இனித் தன் கை அதற்கு உதவாது என்று அறிந்த முதற் காலை எவ்வாறு விடிந்திருக்கும் என்பதைக் கேட்போரின் உள்ளத்துக்கே விட்டுவிடுகிறது.

வேட்டையை வாழ்வின் ஒரு பகுதியாகக் கொண்ட சமூகங்கள் உலகிற் பல இன்றும் உள்ளன. அங்கே நோயாலும் விபத்தாலும் முதுமையாலும் கைவலிமை குன்றியோர் எக்காலத்திலும் இருந்து வருகின்றனர். அவர்களிற் பலர் வில்லைச் சுவரில் மாட்டிவிட்டு, மற்றவர்கள் காட்டுக்குப் போவதை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்களைத் திரும்பவும் காட்டுக்குள் அழைத்துச் சென்ற கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் குறுக்குவில். அந்தக் கருவி அவர்களுக்குக் கொடுத்தது எது, கொடாமல் அவர்களிடமே விட்டுவைத்தது எது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் வில்லின் இயல்பைச் சிறிது நோக்கவேண்டும். வில்லாளி ஒருவன் அம்பை விடுமுன் மூன்று தொழில்களைச் செய்கிறான். நாணை இழுத்து வில்லை வளைப்பது ஒன்று. வளைந்த வில் நிமிராதபடி தன் தசைகளாலேயே பிடித்து நிறுத்துவது மற்றொன்று. அந்த நிலையிலே நடுக்கமின்றிக் குறிபார்த்து நாணை விடுவது மூன்றாவது. இம் மூன்றையும் ஒரே உடல் ஒரே வேளையிற் செய்தாக வேண்டும். தோள், முதுகு, முன்கை, விரல் ஆகிய யாவும் ஒத்துழைத்தாலன்றி அம்பு நேரே செல்லாது. ஆகவே வில் தன்னை ஆள்பவனின் உடலையே உருவாக்கிவிடும் கருவியாகும். இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றியின் ‘மேரி றோஸ்’ என்னும் போர்க்கப்பல் 1545ஆம் ஆண்டிற் கடலில் மூழ்கியது. 1982இல் அதன் உடல் மேலே கொண்டுவரப்பட்டது. அதில் மடிந்தோரின் எலும்புகளை ஆராய்ந்தவர்கள், தோட்பட்டை எலும்பின் நுனி வளர்ந்த பருவத்தில் ஒன்றுசேர வேண்டியிருக்க, பலரிடத்திலே அது சேராமல் நின்றிருந்ததைக் கண்டனர். சிறு வயது முதல் கனத்த வில்லை இழுத்து வந்ததே அதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். வில்லுக்காக எலும்பும் தன் இயல்பை மாற்றிக்கொண்டது போலும்.

குறுக்குவில் இந்த மூன்று தொழில்களையும் வெவ்வேறாகப் பிரித்துவிட்டது. ஒரு மரத்தண்டின் முனையிலே குறுக்காக வில் பொருத்தப்படுகிறது. நாணை முன்கூட்டியே இழுத்துத் தண்டிலுள்ள ஒரு கொளுவியில் மாட்டிவிடலாம். அதன்பின் வளைந்த வில்லைத் தாங்கி நிற்பது கொளுவியே. மனிதனின் தோள் ஓய்வாக இருக்கலாம். குறி சரியாக அமைந்தபோது ஒரு விரலால் விசையை அழுத்தினாற் போதும். எனவே வலிமை வேண்டிய தொழில் ஒரு நேரத்திலும், கூர்மை வேண்டிய தொழில் மற்றொரு நேரத்திலும் நடைபெறுகின்றன.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே சீனர் வெண்கலத்தால் விசை வார்த்து இதைப் பயன்படுத்தினர். சிலப்பதிகாரத்திலே மதுரை மதிலின் காவற்பொறிகளை அடுக்கிச் செல்லும் இடத்தில், தானே வளைந்து எய்யும் விற்பொறி ஒன்று இடம்பெறுவதைத் தமிழ் கற்றோர் அறிவர். ஐரோப்பாவிலோ இக்கருவி தோன்றிய நாள்முதலாக இகழ்ச்சியையும் உடன்கொண்டே வளர்ந்தது. 1139இல் இலாத்தரனிற் கூடிய திருச்சபைச் சங்கம், கிறிஸ்தவர்மீது இதனைப் பிரயோகிக்கலாகாது என்று தடைவிதித்தது. தடை ஏட்டளவில் நின்றது. இங்கிலாந்தின் மன்னன் முதலாம் றிச்சட் 1199இல் பிரான்சிலே ஒரு சிறு கோட்டையை முற்றுகையிட்டபோது குறுக்குவில் எய்த கணை பட்ட புண்ணினால் மாண்டான். ஆண்டுக்கணக்கிற் பயின்ற வீரனை, சில வாரங்களே பயின்ற ஒருவன் வீழ்த்திவிடலாம் என்பதுதான் இக்கருவியின்மேற் சுமத்தப்பட்ட பெருங்குற்றம். வலியோரின் பார்வையில் அது குற்றம். வலிமை குன்றியவனின் பார்வையில் அதுவே அதன் சிறப்பு.

உடல் தளர்ந்தோருக்கும் வில்லுக்கும் உள்ள உறவை உலகுக்கு உணர்த்திய மற்றொரு நிகழ்ச்சியும் இங்கே நினைக்கத்தக்கது. 1948ஆம் ஆண்டு யூலை 29ஆந் தேதி, இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் என்னும் வைத்தியர் ஒரு சிறு போட்டியை நடத்தினார். முதுகெலும்பிற் காயமுற்றுச் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அதிற் கலந்துகொண்டனர். அவர் தெரிந்தெடுத்த விளையாட்டு வில்வித்தை. கால் செயலிழந்தோருக்குத் தோளின் வலிமையை வளர்க்கும் பயிற்சி அது என்று அவர் கண்டார். இன்று உலகெங்கும் அறியப்பட்ட பராலிம்பிக் விழாவின் வித்து அந்தப் புல்வெளியிலேதான் விழுந்தது. எனினும் அங்கே வில்லெடுத்தோரின் கைகள் நலமாக இருந்தன. கையே செயலிழந்தவனுக்கு வழி என்ன என்ற வினா எஞ்சியே நின்றது.

அந்த வினாவுக்கு விடை தேடியவர்களில் ஐக்கிய அமெரிக்காவின் வேட்டைக்காரரும் அடங்குவர். அந்நாட்டின் வடபாலிலே பேரேரிகள் சூழ்ந்த மிச்சிகன் மாநிலம் உள்ளது. அங்கே வெண்வால் மான் வேட்டை, ஊரும் குடும்பமும் சேர்ந்து கொண்டாடும் பருவச் சடங்கு போன்றது. நவம்பர் 15ஆந் தேதி துப்பாக்கிப் பருவம் தொடங்கும். அதற்கு முன் ஒக்டோபர் முதலாந் தேதியிலிருந்து நவம்பர் 14 வரை வில்லாளருக்கென ஒதுக்கப்பட்ட பருவம். மேப்பிள் மரங்கள் செந்நிறம் பூண்டு நிற்கும் அமைதியான நாட்கள் அவை. வெடியோசை குறைந்த காட்டிலே மானுக்கு மிக அருகில் அமர்ந்து காத்திருப்பதே அதன் இன்பம். அந்தப் பருவத்தைப் பெறுவதற்காக வில்லாளர் வெகுகாலம் வாதாடியிருந்தனர். ஆதலால் அதனுள் குறுக்குவில்லை விடுவதற்கு அவர்கள் எளிதில் இசையவில்லை. 1970களிலேயே ஒஹாயோ மாநிலம் அதனை மான் வேட்டைக்கு அனுமதித்துவிட்டது. மிச்சிகனிலோ 2009ஆம் ஆண்டு வரை, வில்லை இழுக்க இயலாதவர் என்று வைத்திய பரிசோதனையில் உறுதிசெய்யப்பட்டு அனுமதிப்பத்திரம் பெற்றவரே வில்லாளர் பருவத்திற் குறுக்குவில்லை எடுத்துச் செல்லலாம் என்பது விதியாக இருந்தது.

இனி அவ்வாறு அனுமதி பெற்ற ஒரு வேட்டைக்காரரின் முதல் நாளைக் காண்போம். இவர் தனியொருவர் அல்லர். அந்நாளில் அம்மாநிலத்தில் இவரைப் போன்றோர் பலர் இருந்தனர். அவர்களுடைய அனுபவத்தின் பொதுச்சாயல் ஒருவரது வடிவில் இங்கே தொகுத்துச் சொல்லப்படுகிறது. ஆதலால் அவருக்குப் பெயர் வேண்டியதில்லை.

அவர் ஐம்பது வயதை அணுகிக்கொண்டிருந்தவர். தந்தையிடம் வில் பயின்று, பதினான்காம் வயதில் முதல் மானை வீழ்த்தியவர். மரத்தின்மேல் 15 அடி உயரத்திற் பரண் கட்டி அமர்ந்து மான் வருவதை எதிர்நோக்குவது அங்குள்ள வில்லாளர் வழக்கம். மான் மேலே நோக்குவது அரிது. மனித வாடையும் ஓரளவு தலைக்கு மேலாகச் சென்றுவிடும். ஆனால் அந்நாட்டு வேட்டைக்காரர் படும் கடுங்காயங்களிற் பெரும்பங்கு இந்தப் பரண்களிலிருந்து விழுவதால் நேர்வதே. ஒரு நவம்பர் மாலை, உறைபனி படிந்த படியிலே அவருடைய கால் வழுக்கியது. விழும்போது வலக்கையாற் கிளையொன்றைப் பற்றினார். கிளை நின்றது, தோள் நிற்கவில்லை. கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புக்கட்டு அறுந்து, வலக்கை உயிரோடு தொங்கும் ஒரு சுமையாயிற்று. விரல்கள் சற்று அசையும், முழங்கை மடங்காது, தோள் எழாது.

சத்திர சிகிச்சை, வைத்தியசாலைக் கட்டில், பயிற்சி என்று ஓராண்டு கழிந்தது. இடக்கையால் எழுதவும் உண்ணவும் அவர் கற்றுக்கொண்டார். சப்பாத்து நாடாவைக் கூட ஒற்றைக் கையாற் கட்டப் பழகினார். வில்லை மட்டும் எதுவும் செய்ய இயலவில்லை. அதற்கு இரண்டு கைகள் வேண்டும். பல்லால் நாணைக் கடித்து இழுக்கும் வில்லாளரும் உண்டென்று வைத்தியர் சொன்னார். அவர் முயன்றார், தேய்ந்த பற்கள் இடங்கொடுக்கவில்லை.

அப்போதுதான் வைத்தியர் குறுக்குவில் அனுமதியைப் பற்றிப் பேசினார். விண்ணப்பப் பத்திரத்தில் தமது பகுதியை நிரப்பிக் கையொப்பமும் இட்டுக் கொடுத்தார். அந்தப் பத்திரம் பல வாரங்கள் மேசை இழுப்பறைக்குள்ளேயே கிடந்தது.

காரணம் இருந்தது. முன்னொரு காலத்தில் ஊர் வில்லாளர் கூட்டத்திலே குறுக்குவில்லைக் கடுமையாகத் தாக்கிப் பேசியவர் அவரே. கட்டைத் துப்பாக்கிக்கு நாண் கட்டினால் அது வில்லாகிவிடாது என்று அவர் சொன்ன சொல்லுக்கு அன்று கைதட்டல் எழுந்தது. இப்போது அதே கருவியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் முன்னே செல்வது எப்படி? வலி குன்றியது ஒரு துன்பம். தன் வாயாற் சொன்ன சொல் தன்னையே நோக்கித் திரும்பி நிற்பது அதனினும் பெருந்துன்பம். வேட்டைக் குடிலிற் பல்லாண்டு உடனிருந்த நண்பர் ஒருவர், வேடிக்கையாகத்தான், “உன் காரியம் என்றபடியால் விட்டுக்கொடுக்கிறோம்” என்று சொன்னார். அந்த இரக்கம் அவருக்கு ஏளனத்தைவிடக் கசந்தது.

உண்மையில் அந்த வாதத்தின் அடித்தளம் அவ்வளவு உறுதியானதாக இருந்ததில்லை. அந்தக் கூட்டத்திற் கைதட்டியோர் பலரின் கையிலிருந்ததும் பழைய ஒற்றை மரவில் அன்று. முனைகளிற் சக்கரம் பூட்டிய கூட்டுவில் அது. மிசூறி மாநிலத்து அலன் என்பவர் அமைத்து 1969இற் காப்புரிமை பெற்ற வில் அது. நாணை முழுவதும் இழுத்தபின் சக்கரங்களே பாரத்திற் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். அதுவும் வெளிவந்த காலத்தில், பழைய வில்லாளர் அதனை வில் என்று ஏற்கவில்லை. ஒரு தலைமுறைக்குள் எல்லோர் கையிலும் அது வந்துவிட்டது. வலியவன் தன் சுமையைக் குறைத்துக்கொண்டால் அது முன்னேற்றம் என்றும், மெலியவன் குறைத்துக்கொண்டால் அது சலுகை என்றும் உலகம் பெயரிடுகிறது. இந்த உண்மை இழுப்பறையைத் திறந்து மூடிய அந்த வாரங்களில் மெல்ல மெல்ல அவருக்குப் புலனாயிற்று. பத்திரம் தபாலுக்குச் சென்றது.

கோடையில் அவருடைய மகன் துணையுடன் பயிற்சி தொடங்கியது. மகனுக்குப் பத்தொன்பது வயது. குறுக்குவில்லின் நாணை இழுக்க ஏறத்தாழ 150 இறாத்தல் விசை வேண்டும். இரண்டு கைகளும் நல்ல இடுப்பும் உடையவர், முன்னேயுள்ள வளையத்திற் காலை ஊன்றி இழுத்துவிடுவர். ஒற்றைக் கையருக்கு அது ஆகாது. அவருக்காகத் தண்டின் பின்புறத்திலே சுழற்றுபிடி ஒன்று பூட்டப்பட்டது. கிணற்றுக் கப்பி வாளியின் பாரத்தை இலகுவாக்குவது போல, பல்சக்கரமும் கயிறும் அந்தப் பாரத்தைச் சிறு சிறு சுற்றுகளாகப் பிரித்துக் கொடுத்தன. இடக்கையாற் சுற்றிச் சுற்றி, நாண் ‘கிளிக்’ என்ற ஒலியோடு கொளுவியில் விழுந்த முதல் வேளையில், அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். மகன் தான் சுற்றித் தருவதாக முன்வந்தபோதெல்லாம் அவர் மறுத்துவிட்டார்.

குறுக்குவில்லின் முதற்பாடம் குறிபார்ப்பது பற்றியதன்று, கட்டைவிரலைப் பற்றியது. தண்டைத் தாங்கும் கையின் கட்டைவிரல் மேற்பரப்புக்கு மேலே நீட்டியிருந்தால், விடுபட்ட நாண் அதனை நொடியில் அறுத்துச் செல்லும். அவருக்கோ தாங்குவதற்கு வேறு கை இல்லை. தண்டின் முன்பகுதியை மூன்று காற் கோலொன்றின் மேல் வைத்து, பின்பகுதியை இடத்தோளில் அணைத்து, இடக்கை விரலால் விசையை அழுத்தினார். ஆயினும் ஒவ்வொரு முறையும் எய்யுமுன் “கட்டைவிரல் கீழே” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். ஒரு குரு கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்ட கதை அவர் அறியாதது. இந்தக் கருவியோ தன்னிடம் வந்தவனை முதலில் அதைக் காத்துக்கொள்ளும்படி கேட்டது.

கோடை முடிவதற்குள், 25 யார் தூரத்திலுள்ள இலக்கில் தேநீர்த் தட்டளவு வட்டத்துள் கணைகள் தவறாமற் பாய்ந்தன. 40 யாரிலும் பெரும்பாலும் பாய்ந்தன. “நாற்பதுக்கும் போதும் அப்பா” என்று மகன் மகிழ்ந்தான். அவர் இருபத்தைந்து என்று தமக்கு எல்லை வகுத்தார். வைக்கோல் இலக்கு ஓசை கேட்டு அசையாது. மான் அசையும் என்பது அவர் சொன்ன காரணம்.

இந்த இடத்திற் சிறு கணக்கொன்று அறியத்தக்கது. அத்தகைய குறுக்குவில்லின் கணை நொடிக்கு ஏறத்தாழ 300 அடி செல்லும். ஓசையோ நொடிக்கு 1,100 அடி செல்லும். 40 யார் என்பது 120 அடி. கணை அங்கே சேர நொடியில் பத்தில் நான்கு பங்கு பிடிக்கும். நாணின் ஓசை பத்தில் ஒரு பங்கிலேயே மானின் செவியை எட்டிவிடும். எஞ்சிய பத்தில் மூன்று பங்கு நேரம், வெருண்ட மான் ஓடுவதற்காக உடலைத் தாழ்த்துவதற்குப் போதுமானது. நெஞ்சை நோக்கிச் சென்ற கணை முதுகைத் துளைக்கும். கணை துப்பாக்கிக் குண்டைப் போல அதிர்ச்சியாற் கொல்வதில்லை. குருதியைப் போக்கியே கொல்கிறது. உரிய இடத்திற் படாத கணையைச் சுமந்துகொண்டு மான் பல மைல் ஓடி, எவர் கண்ணிலும் படாமல் நாட்கணக்கில் வருந்தக்கூடும். நல்ல வேட்டைக்காரன் அஞ்சுவது வெறுங்கையோடு திரும்புவதற்கு அன்று; இதற்கே.

ஒக்டோபர் மாதத்தில் ஒரு விடியற்காலை அவரும் மகனும் காட்டுக்குச் சென்றனர். பரண் இனி அவருக்கில்லை. ஓக் மரங்கள் நிறைந்த சரிவின் அடியில், தரையிலே துணியால் அமைந்த சிறு மறைவிடத்தில் ஒரு நாற்காலி இடப்பட்டது. காற்று முகத்துக்கு நேரே வீசுமாறு இடம் பார்த்திருந்தார்கள். மானுக்கு மூக்கே முதற் காவலன். இருளிலேயே சுழற்றுபிடியைச் சுற்றி நாணேற்றினார். கணையைத் தடத்திற் பொருத்தினார். விதிப்படி சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்துதான் எய்யலாம். அந்த நேரம் வரும்வரை இருவரும் மூச்சொலியைக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

விடிந்தது. உறைபனி வெண்மையாகப் புல்லிற் படிந்திருந்தது. அணில் ஒன்று சருகைக் கிளறிய ஓசை ஒரு பெரிய விலங்கு நடப்பது போலக் கேட்டது. இரண்டு ஆண்டுகளாக அவர் கேளாத ஓசை அது. வலக்கை மடியிற் கிடந்தது. குளிரில் அதன் விரல்கள் நீலம் பாய்ந்தன. அவற்றுக்கு அது தெரியவில்லை. மகன் தன் கையுறையைக் கழற்றி அந்தக் கைக்கு மாட்டிவிட்டான். அவர் தடுக்கவில்லை.

ஏழரை மணியளவிலே சரிவின் மேலிருந்து கலைமான் ஒன்று இறங்கி வந்தது. எட்டுக் கிளை விரிந்த கொம்பு. ஓக் விதைகளைப் பொறுக்கித் தின்றபடி, அவசரமின்றி, ஒரு பக்கத்தை முழுவதும் காட்டிக்கொண்டு நடந்தது. முன்கூட்டியே அளந்து அடையாளமிட்ட விழுந்த மரம் 35 யாரில் இருந்தது. மான் அதன் அருகே வந்து நின்றது. அவர் கண்ணைக் கண்ணாடியிற் பொருத்தினார். நடுக்கோடு மானின் தோளுக்குப் பின்னே அசையாமல் நின்றது.

பழைய வில்லாக இருந்தால் அந்த வேளையில் அவருடைய தோள் நோகத் தொடங்கியிருக்கும். நாணை இழுத்துப் பிடித்தவன் வெகுநேரம் காத்திருக்க இயலாது. எய்துவிடு, அல்லது விட்டுவிடு என்று அவனுடைய தசைகளே அவனை நெருக்கும். அவரது இளமையின் நல்ல முடிவுகளிற் பலவும் தீய முடிவுகளிற் சிலவும் அப்படித் தசைகள் எடுத்த முடிவுகள்தாம். இப்போது எதுவும் அவரை நெருக்கவில்லை. கொளுவி நாணைத் தாங்கியது. கோல் தண்டைத் தாங்கியது. அவர் செய்யவேண்டியிருந்தது ஒரு விரலின் சிறு அசைவு மட்டும். எவ்வளவு எளிதோ, அவ்வளவு கடினமாக அது அவர்முன் நின்றது. எய்யாமைக்கு உடலைக் காரணம் காட்ட இனி வழியில்லை. எய்தால் அவரே எய்தவர்; தவிர்த்தால் அவரே தவிர்த்தவர்.

மரக்கிளையில் ஏதோ முறிந்தது. மான் தலையை உயர்த்தியது. செவிகள் முன்னே திரும்பின, கால்கள் விறைத்தன. மகன் மூச்சை அடக்கிக்கொண்டு தந்தையைப் பார்த்தான். இந்த ஒரு மானோடு ஊருக்குத் திரும்பினால் குடிலில் எழும் பேச்செல்லாம் அடங்கிவிடும் என்பதை இருவரும் அறிந்திருந்தனர். விரல் விசையின்மேல் இருந்தது. பின்பு அது மெல்ல விலகித் தண்டின் பக்கத்திற் படிந்தது.

மான் சற்று நின்று, மூக்கை நக்கி, வந்த வழியே மேலேறிச் சென்று மறைந்தது.

“அப்பா, குறி தவறாமல் இருந்ததே, ஏன் விட்டீர்கள்?” என்று மகன் மெல்லக் கேட்டான்.

“குறி என் பக்கத்தில் அசையவில்லை, மான் அசையத் தயாராக நின்றது” என்று அவர் சொன்னார்.

பிற்பகலில் ஒரு பெண்மான் குட்டியோடு வெகு தொலைவிற் கடந்து சென்றது. அதன்பின் எதுவும் வரவில்லை. சூரியன் மறைந்து அரைமணி கழிந்ததும் அன்றைய நேரம் முடிந்தது. அக்காலத்துக் குறுக்குவில்களிற் பெரும்பாலானவற்றில் ஒரு குணம் உண்டு. நாணேற்றிய வில்லை வெறுமனே தளர்த்த இயலாது. கணையின்றி விசையை அழுத்தினால் வில்லே உடையும். ஆகவே வேட்டை வாய்க்காத நாளின் முடிவிலே, அதற்கென வைத்திருக்கும் மழுங்கிய பழங்கணை ஒன்றை மென்மையான மண்ணில் எய்தே வில்லைத் தளர்த்த வேண்டும். குடிலின் அருகிலுள்ள மணல்மேட்டை நோக்கி அவர் கோலை நிறுத்தினார். “கட்டைவிரல் கீழே” என்று வழக்கம்போல முணுமுணுத்தார். நாண் ஒலித்தது, கணை மணலிற் புதைந்தது. அவருடைய முதல் வேட்டைநாளில் அவர் எய்த ஒரே கணை அது.

குடில் வாசலில் நின்ற பழைய நண்பர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கிடைத்தது என்று கேட்டார். மகன் நடந்ததைச் சொன்னான்: எட்டுக் கிளைக் கொம்பு, முப்பத்தைந்து யார், தலை உயர்த்தி நின்ற மான். நண்பர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர், “நானாயிருந்தாலும் விட்டிருப்பேன்” என்று சொல்லி, அடுப்பருகே அவருக்கு வழக்கமாயிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்று அந்த வார்த்தையில் இரக்கம் இல்லை. ஒரு வேட்டைக்காரன் மற்றொரு வேட்டைக்காரனோடு பேசும் குரலே இருந்தது.

உடல் வலுவிழந்தோருக்கு உதவுவது பற்றி உலகம் பேசும்போது, அவர்களுடைய சுமையைக் குறைப்பதையே பெரிதாகப் பேசுகிறது. சுமையைக் குறைப்பது வேண்டியதே. சுழற்றுபிடியும் மூன்று காற் கோலும் இல்லையேல் அந்த மனிதர் அந்தச் சரிவின் அடிக்கு வந்தே இருக்கமாட்டார். ஆனால் மனிதன் மதிப்புப் பெறுவது சுமை குறைந்ததனால் மட்டும் அன்று. தான் தீர்மானிக்கவேண்டிய ஒன்று தன் கையிலேயே விடப்பட்டிருக்கிறது என்பதனாற்கூட. குறுக்குவில் அவருக்கு இழந்த தோளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு தோளின் வேலையை மட்டுமே ஏற்றுக்கொண்டது. எய்வதா, விடுவதா என்ற வேலையை அது ஏற்கவில்லை. அந்த வேலையில் அவர் எந்த வில்லாளனுக்கும் நிகராக நின்றார்.

2009ஆம் ஆண்டு முதல் மிச்சிகனிற் குறுக்குவில் படிப்படியாக எல்லா வேட்டைக்காரருக்கும் திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டிற் பென்சில்வேனியாவும், 2014இல் விஸ்கொன்சினும் வில்லாளர் பருவத்தில் அதற்கு இடமளித்தன. வலுவிழந்தோருக்கென ஒதுக்கிய சிறு வாயில் வழியே, நலமுடையோர் பெருந்திரளாக உள்ளே வந்தனர். முதுமை எவரையும் விட்டுவைப்பதில்லை. இழுத்து இழுத்துத் தேய்ந்த தோள்களுக்கு அறுபதாவது வயதில் அந்த இகழப்பட்ட கருவியே துணையாயிற்று.

அவ்வாறு ஒரு கோடை மாலையில் அந்தப் பழைய நண்பரும் புதிய குறுக்குவில் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு, சற்றே தயங்கி, நம் வேட்டைக்காரரின் வாசலுக்கு வந்தார். தம் தோள் இனி வில்லுக்கு இணங்காது என்று சொன்னார். பழைய கூட்டமும் கைதட்டலும் இருவர் நினைவிலும் இருந்தன. இருவரும் அதைப் பேசவில்லை. இடக்கையால் அந்தக் கருவியை வாங்கிப் பார்த்து, நாணைத் தடவிச் சரிபார்த்து, வேட்டைக்காரர் அதைத் திருப்பிக் கொடுத்தார். பின்பு முதற்பாடத்தைத் தொடங்கினார்: “முதலிற் கட்டைவிரலைக் கீழே வைத்துக்கொள்.”